திரையரங்கு ஓர்கனும் அதன் பேணுகையும் – ஒரு விமர்சன நோக்கு

கலைப்பொருளொன்று தன்னைத் தோற்றுவித்த தேவை மறைந்த பின்னரும் எஞ்சி நிற்குமாயின், அதிற் பேணப்படவேண்டியது எது என்னும் வினா எழுவது இயல்பு. ஏடும் கல்வெட்டும் சிற்பமும் இவ்வினாவைப் பெரிதும் எழுப்புவதில்லை. பொருள் காக்கப்படின் கலையும் பெருமளவுக்குக் காக்கப்பட்டதாகிறது. ஆனால் பிறிதொரு கலைக்குத் துணைநிற்பதற்கென்றே ஆக்கப்பட்ட கருவியின் நிலை அத்தகையதன்று. பேசாப்படக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் திரையரங்குகளிற் குடிகொண்டிருந்த குழாய் ஓர்கன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1955ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் வேறொரு பெயருடன் தொடங்கப்பெற்று, இன்று அமெரிக்கத் திரையரங்கு ஓர்கன் சங்கம் என வழங்கும் அமைப்பும் அதன் வழிவந்த உள்ளூர்க் கிளைகளும் இக்கருவிகளைக் காக்க ஆற்றிய பணி சிறிதன்று. எனினும், தாம் காப்பது குழாய்களையா, மண்டபத்தையா, அன்றி அவற்றினூடாக நிகழ்ந்த ஒரு கலைச் செயலையா என்பதில் இவ்வியக்கத்திற்கு ஒருபோதும் தெளிவு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அத்தெளிவின்மையின் விளைவுகளை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

முதற்கண் இக்கருவியின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். ஆர்மோனியத்தை அறிந்தவர்க்குத் துருத்திக் காற்றினாற் சுரமெழும் முறை புதிதன்று. ஓர்கனில் நாக்குத் தகட்டிற்குப் பதிலாகப் பெரும்பாலும் குழாய்களே பாடுகின்றன; ஒரே நாதப்பண்புடைய குழாய்கள், சுரத்திற்கு ஒன்றாக, ஒரு வரிசையாய் நிறுத்தப்படுகின்றன. ஐந்து தாயிகளுக்குக் குறைந்தது 61 குழாய்கள் ஒரு வரிசைக்குத் தேவை. தேவாலய ஓர்கனில் ஒவ்வொரு நாதத்திற்கும் ஒவ்வொரு சுருதி நிலைக்கும் தனித்தனி வரிசை அமைவது மரபு. திரையரங்கு ஓர்கனிலோ ஒரே வரிசையை இரு புறமும் நீட்டி, மின்னிணைப்பின் உதவியால் அதனையே தாழ்ந்தும் உயர்ந்தும் பல நிலைகளில் ஒலிக்கச் செய்தனர். பத்து வரிசைகள் நூறு வரிசைகளைப்போல் வேலை செய்தன. குழாய்கள் யாவும் மேடையின் இரு மருங்கிலும் சுவருக்குப் பின்னே அறைகளில் மறைந்திருக்கும். அறைவாயிலிலுள்ள மடிப்புத் தகடுகள் திறந்தும் மூடியும் ஒலியைப் பெருக்கவும் அடக்கவும் செய்யும். வாசிப்போன் அமரும் பீடம் மட்டுமே கண்ணுக்குப் புலனாவது. குதிரைக் குளம்பு, புகைவண்டியின் ஊதல், பறவைக் குரல், இடி, கதவுமணி ஆகிய அனைத்தும் அப்பீடத்திலுள்ள பொத்தான்களுக்குள் அடங்கியிருந்தன. தேவாலய ஓர்கனின் காற்றழுத்தம் மூன்று நான்கு அங்குல நீர்மட்டத்தைத் தாண்டுவது அரிது. இங்கு பத்து அங்குலம் சாதாரணம், சில வரிசைகளுக்கு இருபத்தைந்து அங்குலம் வரை செல்வதுமுண்டு. அதனால் விளைந்த பருத்த நாதமும், நடுக்கிகளால் எந்நேரமும் குலுங்கும் சுரமும் இக்கருவியின் குரலை வேறு எதனோடும் மயங்கவிடாமற் செய்தன.

இத்தகைய கருவியைக் கனவு கண்டவர் இசைவாணர் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1859இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிற் பிறந்த றொபேட் ஹோப்-ஜோன்ஸ் தொலைபேசி நிறுவனமொன்றில் மின் பொறியியலாளராகப் பணியாற்றியவர். தொலைபேசிச் செய்தி கம்பியூடாகச் செல்வது போல வாசிப்போனின் விரலசைவும் கம்பியூடாகக் குழாய்க்குச் செல்லலாம் என்று அவர் கண்டார். பேர்க்கன்ஹெட் நகரின் பரிசுத்த யோவான் தேவாலயத்தில், வாசிப்புப் பீடத்தைக் கட்டடத்திற்கு வெளியே கொணர்ந்து வாசிக்கத்தக்கதாக அவர் அமைத்த ஓர்கன் அக்காலத்து விந்தைகளுள் ஒன்று. 1903இல் அமெரிக்கா சென்று, 1907இல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, பணமுடையால் 1910இல் அதனையும் தம் கண்டுபிடிப்புரிமைகளையும் வூர்லிற்சர் நிறுவனத்துக்கு விற்றார். நியூயோர்க் மாநிலத்தின் வட ரொனவண்டாவில் இருந்த அந்நிறுவனத்தோடு விரைவிலேயே முரண்பட்டு ஒதுக்கப்பட்ட அவர், 1914 செப்ரெம்பரிற் றொச்செஸ்ரர் நகரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரது சிந்தனையிற் பிறந்த கருவிகள் அதன் பின்னரே ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. வூர்லிற்சர் நிறுவனம் மாத்திரம் 2,200க்கு மேற்பட்ட திரையரங்கு ஓர்கன்களை அமைத்தது. 1926ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் அவை தொழிற்சாலையை விட்டு வெளியேறின. கண்டுபிடித்தவனது உழைப்பு மூலதனத்தின் சொத்தாகும் கதைக்கு இதனினும் துலக்கமான சான்று தேடவேண்டியதில்லை.

அந்நிறுவனம் இக்கருவியை விளம்பரப்படுத்திய பெயரே அதன் சமூகப் பணியைக் காட்டிக்கொடுக்கிறது. 'ஓர்கன்' என்றல்ல, 'ஹோப்-ஜோன்ஸ் யூனிற் ஓர்க்கெஸ்ட்ரா' என்றே அது விற்கப்பட்டது. ஒருவன் வாசிக்கும் இசைக்குழு என்பது அதன் பொருள். படமாளிகைகளிற் பெரியனவற்றில் இசைக்குழுவும் ஓர்கனும் மாறி மாறி இயங்கின என்பது உண்மையே. மாலைக் காட்சிகளுக்கு இசைக்குழு, பிற்பகற் காட்சிகளுக்கும் இசைக்குழுவின் ஓய்வு நேரத்திற்கும் ஓர்கன் என்ற ஒழுங்கு இருந்தது. ஆனால் நடுத்தர நகரங்களின் அரங்குகளில், பத்துப் பன்னிரண்டு வாத்தியக்காரரின் வாரக் கூலியை ஒருவரின் கூலியாகச் சுருக்குவதே முதலாளி கண்ட நயம். வயலினும் புல்லாங்குழலும் கிளாரினெற்றும் மனிதக் குரலும் பீடத்தின் தெரிகட்டைகளிற் பெயர் பொறிக்கப்பட்டிருந்தமை வெறும் அலங்காரமன்று. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் வேலையிழந்த ஒருவனின் நாற்காலியைக் குறித்தன. பேணுகை இயக்கத்தினர் வெளியிடும் எழுத்துக்களிற் 'பொற்காலம்' என்ற சொல் பயிலும் அளவுக்கு இவ்வுண்மை பயில்வதில்லை. பொற்காலம் யாருக்கு என்ற வினா அங்கு பெரும்பாலும் எழுவதேயில்லை.

ஆயினும், கருவியின் தோற்றத்திற்குக் காரணமாயிருந்த வணிக நோக்கத்தைக் கொண்டே அதிற் பிறந்த கலையை அளந்துவிடுதல் தவறாகும். கூலிச் சிக்கனத்துக்காகப் பீடத்தில் அமர்த்தப்பட்ட அந்த ஒருவர் செய்த காரியம் எளிதானதன்று. படத்தின் சுருள்கள் பல வேளைகளிற் காட்சிக்குச் சற்று முன்னரே அரங்கை வந்தடையும். இன்ன இடத்தில் இன்ன மெட்டு எனக் குறிப்பிடும் தாள் வந்தால் உண்டு, வாராவிடின் இல்லை. ஏர்னோ றப்பே 1924இலும் 1925இலும் வெளியிட்ட தொகுப்புகள் துயரம், துரத்தல், புயல், காதல் எனத் தலைப்பிட்டு ஆயத்த இசையை வழங்கின. அவற்றை அப்படியே வாசித்தவர் நல்ல வாசிப்போர் எனப்படவில்லை. திரையில் முகமொன்று மாறும் கணத்திற்கு இசை அரைக் கணம் முந்தினால் நடிகனின் செயல் பொய்யாகிவிடும். அரைக் கணம் பிந்தினால் நகைப்புக்கிடமாகும். எங்கே வாசிக்காதிருப்பது என்பதை அறிவதே இக்கலையின் உயர்நிலை. கண் திரையிலும் கை நான்கு கட்டை வரிசைகளிலும் கால் அடிக்கட்டைகளிலும் செவி ஆயிரம் பேரின் மூச்சிலுமாக ஒருவர் இரண்டு மணிநேரம் இருந்தமையை எண்ணிப் பார்த்தால், அங்கே நிகழ்ந்தது இயந்திரம் இசைக்குழுவைப் போலி செய்த செயல் மட்டுமன்று என்பது புலப்படும். படமும் வாசிப்போனும் பார்வையாளரும் ஒருசேர இருந்து அந்தந்த வேளையில் ஆக்கிய ஆக்கம் அது. இரு காட்சிகள் ஒருபோதும் ஒன்றாயிருந்திருக்க முடியாது. இந்த ஆக்கமே திரையரங்கு ஓர்கனின் கலை. குழாய்களும் பீடமும் அதன் கருவிகள்.

1927 ஒக்ரோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வெளியானதும் இக்கலை சில ஆண்டுகளுக்குள் வீழ்ந்தது. இசைக்குழுவை வெளியேற்றிய இயந்திரத்தை மேலும் மலிவான இயந்திரம் வெளியேற்றிற்று. அமெரிக்க இசைக் கலைஞர் தொழிற்சங்கம் 1929, 1930 ஆண்டுகளிற் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் செய்து, இசைக் கருவியை மீட்டும் இரும்பு மனிதனைக் கேலிச்சித்திரமாக்கி, 'தகரத்தில் அடைத்த இசை'யை எதிர்த்தது. மக்கள் செவிசாய்க்கவில்லை. இக்கட்டத்திற் சுவையான முரண் ஒன்றுண்டு: பெரும்பெயர் பெற்ற ஓர்கன்களிற் பல, அழிவு தொடங்கிய பின்னரே அமைந்தன. டெட்றொயிற், புறுக்லின், சென் லூயிஸ், சன் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களின் பொக்ஸ் மாளிகைகளில் 36 வரிசைகளைக் கொண்ட வூர்லிற்சர்கள் 1928க்கும் 1929க்கும் இடையிலேயே நிறுவப்பட்டன. 58 வரிசைகளுடன் அந்நிறுவனத்தின் மூலப் படைப்புகளுட் பெரியதாக விளங்கும் றேடியோ சிற்றி இசை மண்டப ஓர்கன் 1932க்கு உரியது. அதற்குத் துணைநிற்கப் பேசாப்படம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

அதன் பின்னர் இக்கருவிகள் முப்பது ஆண்டுகள் தூசியில் உறங்கின. சில தேவாலயங்களுக்கு விற்கப்பட்டன. பல உலோக விலைக்குப் போயின. மூன்று பீடங்களைக் கொண்ட கிம்போல் ஓர்கன் இருந்த நியூயோர்க்கின் றொக்சி மாளிகை 1960இல் இடிக்கப்பட்டது. அந்நாளில் ஆர்வலர் செய்யக்கூடியது ஒன்றே: இடிப்பவன் வருமுன் குழாய்களைக் கழற்றி வண்டியிலேற்றுவது. வீடுகளின் நிலவறைகளிலும் களஞ்சியங்களிலும் ஓர்கன்கள் அடைக்கலம் புகுந்தன. 1962இற் கலிபோர்ணியாவின் ஹேவார்ட்டிற் பீற்சா உணவகமொன்றில் ஓர்கன் நிறுவப்பட, அது ஒரு புதுமோகமாகப் பரவிற்று. இன்று அவ்வகையில் எஞ்சியுள்ளவற்றுட் பெயர்பெற்றது அரிசோனாவின் மேசா நகரிலுள்ளது. 1927இல் டென்வர் திரையரங்குக்காக அமைந்த வூர்லிற்சர் அங்கே 70க்கு மேற்பட்ட வரிசைகளாகப் பெருத்து, உண்போரின் உரையாடலுக்கு மேலாக முழங்குகிறது. இதனை ஏளனம் செய்வது எளிது. ஆயினும் பல குழந்தைகள் தம் வாழ்வில் முதன்முதலாகக் குழாய் ஓர்கனைக் கேட்டது இத்தகைய இடத்திலேயே என்பதை ஏளனம் செய்வோர் மறந்துவிடலாகாது. அங்கே குறையாயிருப்பது பீற்சா அன்று. அளவுப் பெருக்கத்தைக் கலைப்பெருக்கமாகக் கொள்ளும் மனப்பாங்கே. ஒரே வரிசையைப் பல நிலைகளில் ஒலிப்பித்த சிக்கனமே இக்கருவியின் தனித்தன்மை. வரிசை மேல் வரிசை கூட்டிச் செல்வது அதன் இலக்கணத்திற்கே மாறானது.

பெயர்ப்பின் சிக்கல்கள் மேலும் நுணுக்கமானவை. நியூயோர்க்கின் ரைம்ஸ் சதுக்கத்தில் 1926இல் திறக்கப்பட்ட பறமவுண்ட் மாளிகையின் ஓர்கன் இக்கருவிகளின் அரசி எனக் கொண்டாடப்படுவது. ஜெசி குறோபர்ட்டின் விருப்பங்களைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட அதனை அவரே 1933 வரை வாசித்தார். அவரது மனைவி ஹெலன் குறோபர்ட் மேடையிலிருந்த இரண்டாவது பீடத்தில் உடன் வாசிப்பதுண்டு. 1960களில் அரங்கு மூடப்பட்டு அலுவலகங்களாக மாற்றப்பட, ஓர்கன் விற்கப்பட்டு, 1972இற் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரப் பொதுமண்டபத்திற் குடியேறியது. குழாய்களின் எண்ணிக்கை குறையவில்லை, காற்றழுத்தமும் மாறவில்லை. ஆனால் சரிந்திறங்கும் ஆசனங்களும் மாடங்களும் கொண்ட 3,600க்கு மேற்பட்டோர் அமரும் மாளிகைக்காகச் சுருதி தேய்த்துச் சீர்செய்யப்பட்ட குரல், பொருட்காட்சிக்கென அமைந்த தட்டையான தளத்தில் ஒலிக்கிறது. ஓர்கன் அமைப்போர் குழாயைத் தொழிற்சாலையிற் செய்து முடிப்பதில்லை. மண்டபத்திலே வைத்து, அதன் எதிரொலியைக் கேட்டுக் கேட்டு, வாயை நறுக்கியும் நாவை வளைத்தும் குரல் கொடுக்கின்றனர். அவ்வகையில் மண்டபம் கருவியின் உறுப்பாகும். விச்சிற்றாவில் இருப்பது பறமவுண்டின் குழாய்கள். பறமவுண்டின் குரல் அன்று. இவ்வளவும் போதாதென்று, 2020ஆம் ஆண்டை ஒட்டி அம்மண்டபத்தையே இடித்துவிடுவதா என்ற விவாதமும் எழுந்தது. ஒருமுறை வேரறுத்த பொருளுக்கு அடுத்த இடப்பெயர்வு எப்போதும் காத்திருக்கிறது.

1963இல் இடிக்கப்பட்ட சன் பிரான்சிஸ்கோ பொக்ஸ் மாளிகையின் ஓர்கனோ வேறொரு விதியைக் கண்டது. 4,600க்கு மேற்பட்ட ஆசனங்களுக்காக ஆக்கப்பட்ட அக்கருவி, 1999 முதல் ஹொலிவூட்டின் எல் கப்பித்தான் அரங்கில், ஏறத்தாழ ஆயிரம் பேருக்காக ஒலித்து வருகிறது. அங்கே டிஸ்னி நிறுவனம் தன் படங்களுக்கு முன்னர் தன் பாடல்களை அதில் வாசிக்கச் செய்கிறது. விளம்பரத்துக்கு வேலையாளாக ஓர்கன் மீண்டும் அமர்த்தப்பட்டுள்ளது என இதனைக் கண்டிக்கலாம். ஆனால் 1929இலும் அது விளம்பரத்தின் வேலையாளாகவே இருந்தது. படம் பார்க்க வந்தோர் முன்னிலையிற் படமாளிகையில் நாள்தோறும் ஒலிக்கும் கருவி, ஆண்டிற் சில தடவை பொருட்காட்சி மண்டபத்தில் அறிஞர் முன் ஒலிக்கும் கருவியைக் காட்டிலும் தன் இயல்புக்கு நெருங்கி நிற்கிறது என்பதை ஒப்பாதிருத்தல் கடினம்.

உள்ளபடியே காக்கப்பட்டவை மிகச் சில. அவற்றுள்ளும் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலுள்ள ஒஹாயோ அரங்கு தனிக் கவனத்திற்குரியது. 1928இற் றொபேட் மோட்டன் நிறுவனம் அமைத்த 20 வரிசை ஓர்கன் அதில் உள்ளது. 1969இல் அரங்கை இடிக்க முடிவாகியிருந்தபோது, றோஜர் கறெற் என்னும் வாசிப்போர் ஓர்கனுக்கு விடைகொடுக்கும் கச்சேரி நிகழ்த்தினார். விடைகொடுக்க வந்த கூட்டமே அரங்கைக் காக்கும் கூட்டமாக மாறிற்று. பணம் திரண்டது, கட்டடம் தப்பியது. இங்கு நோக்கத்தக்கது யாதெனின், மக்களை ஒன்றுசேர்த்தது கட்டடக்கலை பற்றிய அறிக்கையன்று, கருவியின் குரல். ஓர்கனைக் காக்க மண்டபம் வேண்டும் என்பர். கொலம்பஸில் மண்டபத்தைக் காத்தது ஓர்கன். 1970 தொடக்கம் கோடைகாலந்தோறும் அங்கு பழைய படங்கள் காட்டப்படுவதும் அவற்றுக்கு முன்னும் இடைவேளையிலும் ஓர்கன் ஒலிப்பதும் அதன் தொடர்ச்சி.

அற்லாண்டாவின் பொக்ஸ் மாளிகையில் 1929இல் மோலர் நிறுவனம் அமைத்த 42 வரிசை ஓர்கன், பல ஆண்டு மௌனத்தின் பின் 1960களிற் தொண்டர்களாற் சீர்செய்யப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் அம்மாளிகையை இடித்துத் தலைமையகம் எழுப்ப விரும்பியது ஒரு தொலைபேசி நிறுவனம். தொலைபேசியிலிருந்து பிறந்த கருவிக்குத் தொலைபேசியே காலனாக வந்தது விந்தையே. அங்கும் பொதுமக்களின் முயற்சி வென்றது.

இவற்றோடு வைத்து எண்ணவேண்டியது கலிபோர்ணியாவின் பலோ அல்ரோ நகரிலுள்ள ஸ்ரான்போர்ட் அரங்கு. 1925இற் திறக்கப்பட்ட அவ்வரங்கம் 1989இல் அறக்கட்டளையொன்றினாற் பழைய தோற்றத்திற்கு மீட்கப்பட்டது. அங்குள்ள வூர்லிற்சர் அவ்வரங்கிற்கென முதலில் அமைந்ததன்று. பின்னர் கொணர்ந்து பொருத்தப்பட்டது. பொருளின் மூலத்தன்மையை மட்டும் நோக்கும் ஆய்வாளர் இதற்குக் குறைந்த மதிப்பெண்ணே வழங்குவர். ஆனால் அங்கு மாலைக் காட்சிக்கு முன்னும் பின்னும் ஓர்கன் வாசிக்கும் வழக்கம் நிலைபெற்றது. பேசாப்படங்கள் ஓர்கன் துணையுடன் காட்டப்பட்டன. பார்க்க வந்தோர் ஓர்கன் ஆர்வலர் அல்லர், படம் பார்க்க வந்தோரே. இந்த வேறுபாடு பெரிது. ஆர்வலருக்கான கச்சேரியிற் கேட்போர் கருவியைக் கேட்கின்றனர். பேசாப்படக் காட்சியில், வாசிப்பு நன்றாயிருப்பின், பத்து நிமிடங்களிற் கருவியையே மறந்துவிடுகின்றனர். மறக்கப்படுவதே இக்கருவி அடையத்தக்க உயர்ந்த வெற்றி. மூலக் கருவியற்ற ஸ்ரான்போர்ட்டில் மூலக் கலை நிகழ்கிறது. மூலக் கருவியுள்ள விச்சிற்றாவில் அது நிகழ்வதற்கு மண்டபமே தடையாயுள்ளது. பேணுகை பற்றிய எந்த அளவுகோலும் இவ்விரண்டையும் ஒருங்கே விளக்க வல்லதாயிருத்தல் வேண்டும்.

பிரித்தானிய அனுபவம் இதனை வேறொரு பக்கத்தாற் தெளிவாக்குகிறது. அங்கு பெரும்பாலான திரையரங்கு ஓர்கன்கள் பேசும்படம் வந்த பின்னர், 1930களிலேயே நிறுவப்பட்டன. ஆதலாற் படத்துக்குத் துணைபோவதன்று, இடைவேளையில் தனித்து ஒலிப்பதும் வானொலியில் ஒலிபரப்பாவதுமே அவற்றின் தொழிலாயிற்று. ஆயின் அந்நாட்டிலும் நிலைத்து நின்றது வேறொரு கலைக்குத் துணைநின்ற ஓர்கனே. பிளாக்பூல் கோபுர நடனமண்டபத்தில் றெஜினோல்ட் டிக்சன் 1930 முதல் 1970 வரை நாற்பது ஆண்டுகள் வாசித்தது, கைகட்டி அமர்ந்திருந்தோருக்கன்று, ஆலைத்தொழிலை விட்டு விடுமுறைக்கு வந்து ஆடிய உழைப்பாளருக்கு. ஆடுவோரின் கால் தவறாதிருக்க வேண்டி அவர் வளர்த்த துள்ளலும் வெட்டும் மிக்க பாணியைப் 'பிளாக்பூல் ஒலி' என்றே அழைத்தனர். 1956இன் தீவிபத்தில் மண்டபம் சிதைந்தும், 1958இல் மீண்டும் திறக்கப்பட்டபோது ஆட்டமும் ஓர்கனும் ஒருங்கே திரும்பின. அங்கே 'பேணுகை' என்ற சொல்லுக்கே அதிகம் வேலை இருக்கவில்லை. ஆடுவோர் இருந்தனர், ஆதலால் வாசிப்போர் இருந்தனர்.

தொழினுட்பம் சார்ந்த வாதங்கள் இவ்வியக்கத்தின் பக்கங்களில் ஏராளம். குழாய்க்குக் காற்றைத் திறந்துவிடும் சிறு தோற்பைகள் ஐம்பது அறுபது ஆண்டுகளில் உலர்ந்து வெடிக்கும். ஒரு நடுத்தர ஓர்கனில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் கழற்றிப் புதுத் தோல் ஒட்டுவதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் செல்லும். ஊதியமின்றி இதனைச் செய்வோர் பெரும்பாலும் வேறு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றோர். தோலை மாற்றுவதிற் கருத்து வேறுபாடில்லை. விரலசைவைக் குழாய்க்கு எடுத்துச்செல்லும் பழைய மின்னிணைப்பு அறையை எறிந்துவிட்டுக் கணினிச் சுற்றை வைக்கலாமா என்பதிலேயே வாதம் மூள்கிறது. வைத்தால் நம்பகம் கூடும், இடம் மிஞ்சும், வாசித்ததைப் பதிந்து ஆளின்றியே மீட்டும் இசைக்கலாம். இந்த இறுதி வசதியே ஐயத்துக்குரியது. ஆளில்லாப் பீடத்தில் கட்டைகள் தாமே அமிழ்ந்தெழுவதைக் கண்டு மகிழும் கூட்டம், 1929இன் விளம்பரத்திலிருந்த இரும்பு மனிதனைக் காசு கொடுத்து வரவேற்கும் கூட்டமாகும். ஏனைய மாற்றங்களைப் பொறுத்தவரை அத்தனை கடுமை வேண்டியதில்லை. பீடத்துக்குப் பின்னே கம்பி எவ்வாறு ஓடுகிறது என்பது முகமொன்று மாறும் கணத்தைத் தவறவிடாத விரலுக்கு இரண்டாம் பட்சமே.

இக்கருவியின் மீது இசையறிஞர் காட்டிய அவமதிப்பையும் குறிப்பிடாது விடமுடியாது. 1920களில் ஜேர்மனியிலெழுந்த ஓர்கன் சீர்திருத்த இயக்கம் குறைந்த அழுத்தத்தையும் பாக் காலத்துத் தெளிவையும் வேண்டி நின்றது. அதன் வழிவந்தோருக்குத் திரையரங்கு ஓர்கன் சுவைக்கேட்டின் திரட்சியாகத் தோன்றிற்று. பக்தி மண்டபத்துக் கருவி சந்தைக்கு வந்துவிட்டது என்ற சினமும் அதில் கலந்திருந்தது. எதிர்த்தரப்பினர் இதற்குப் பதிலாகச் செய்தது பெரும்பாலும் ஏக்கத்தை வளர்த்தமையே. இருபதுகளினதும் முப்பதுகளினதும் மெட்டுக்களை, அவற்றைக் கேட்டு வளர்ந்தோருக்காக, அதே குலுக்கலுடன் மீண்டும் மீண்டும் வாசித்தனர். அந்தக் கேட்போர் ஆண்டுதோறும் குறைந்தனர், மெட்டுக்கள் மாறவில்லை. இவ்விரு தரப்பினரும் ஒரே தவற்றை இழைத்தனர் எனலாம்: கருவியைத் தனித்து நிறுத்தி, அதன் குரல் இனியதா அன்றா என வாதிட்டனர். குரல் எதன்பொருட்டு அவ்வாறு ஆயிற்று என்பதை இருவரும் விட்டுவிட்டனர். குலுங்கும் அந்த நாதம் தனியே கேட்கத் தெவிட்டும். 'த பன்ரம் ஒவ் த ஒப்பரா'வில் லொன் சேனியின் முகமூடி கழலும் கட்டத்திற்கு முன் அது திடீரென நடுக்கம் நீங்கி நேராக நிற்குமாயின், அதுவரை குலுங்கியமைக்கும் பொருள் கிடைத்துவிடும்.

1960களிலிருந்து இவ்வழியை மீளத் திறந்தவர் சிலர். பரிசிற் பயின்ற லீ ஏர்வின் பேசாப்படங்கள் பலவற்றுக்கு ஓர்கன் இசையைப் புதிதாக இயற்றினார். இளமையிலேயே பேசாப்படங்களுக்கு வாசித்த கேலோட் காட்டர் முதுமையில் மீண்டும் அவற்றுக்கு வாசித்தார்; இருவரும் 2000ஆம் ஆண்டில் மறைந்தனர். எல்லாரிலும் நெடிது வாழ்ந்தவர் றோசா றியோ. 1902இற் பிறந்த அவர் பேசாப்படக் காலத்தில் அரங்கு அரங்காக வாசித்து, புறுக்லின் பொக்ஸின் வூர்லிற்சரிலும் அமர்ந்து, பேசும்படம் வந்தபின் வானொலி நாடகங்களுக்கு வாசித்துப் பிழைத்து, ஆசிரியராகி, முதுமையிற் புளோரிடா சென்று ரம்பா அரங்கிற் பேசாப்படங்களுக்கு மீண்டும் வாசிக்கலானார். 2009இல், 107ஆவது வயதில், பஸ்ரர் கீற்றனின் படமொன்றுக்கு அவர் அங்கு வாசித்தார்; அடுத்த ஆண்டு மே மாதம் மறைந்தார். அக்கலையை அது பிழைப்பாயிருந்த காலத்திலேயே கற்று, நூற்றாண்டு கடந்தும் கையில் வைத்திருந்த இறுதி ஆட்களுள் அவர் ஒருவர். அவருடைய கையில் இருந்ததை எந்தத் தோலாலும் மீள ஒட்டமுடியாது. சங்கங்கள் இளம் வாசிப்போருக்குப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்திவருகின்றன. அவ்விளைஞரின் முன்னே இசைத்தாளோடு ஒரு திரையும் விரிக்கப்படுகிறதா, முன்பின் பார்த்திராத படமொன்று அதில் ஓடும்போது அவர்கள் கை என்ன செய்கிறது என்பதையே இனி ஊன்றிக் கவனிக்க வேண்டியுள்ளது.